வேட்டுச் சத்தத்துக்குக் கதவைத் தாழிட்ட பேத்தி: துப்பாக்கி ஒரு சமூகத்தை என்ன செய்கிறது?

கேள்வி: பள்ளத்தூர் ஆயா

அனைவருக்கும் வணக்கம். ஆனி மாதம் எங்கள் பள்ளத்தூர் வீட்டில் கொழுந்தனாரின் மணிவிழா நடந்தது. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், டல்லாஸில் இருக்கும் என் மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 5 வயது. மேளக்காரர்கள் வந்து இறங்கியதும் வாசலில் வழக்கம்போல அதிர்வேட்டு போட்டார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் பிள்ளைகள் இருவரையும் காணவில்லை.

தேடியபோது வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று உள்ளே தாழிடப்பட்டு, விளக்கும் அணைக்கப்பட்டிருந்தது. "கதவைத் திற ஆத்தா, ஆயா வந்திருக்கிறேன்" என்று எவ்வளவோ கூப்பிட்டும் பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழச் சந்தில் தம்பியை உட்கார வைத்து, அவன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பேத்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரல் அவளுக்குக் கேட்கிறது, அது யார் குரல் என்றும் தெரிகிறது, ஆனாலும் திறக்கவில்லை. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ள அவள் பள்ளியில் பயிற்சி கொடுக்கிறார்களாம். என் மகள் ஓடிவந்து, அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது என்று பள்ளியில் சொல்லும் அதே ஆங்கில வாசகத்தைச் சொன்ன பிறகுதான் எழுந்து வந்து தாழை நீக்கினாள். யார் கூப்பிட்டாலும், தெரிந்தவர் குரலாகவே இருந்தாலும், திறக்கக் கூடாது என்பதுதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படும் பாடமாம்.

நான் 32 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பயந்த பிள்ளை ஆசிரியரைத் தேடி ஓடிவரும் என்பதுதான் என் அனுபவம்; பயந்த பிள்ளை சொந்த ஆயாளுக்கே கதவைத் திறக்காது என்பதை அன்றுதான் பார்த்தேன். அவள் படிக்கும் பள்ளியில் இதுவரை துப்பாக்கிச் சூடு எதுவும் நடந்ததில்லை. நடக்காத ஒன்று ஒரு குழந்தையின் உடம்புக்குள் இவ்வளவு ஆழமாக எப்படி இறங்குகிறது என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டைப் பற்றியது. முகப்பில் மான்கொம்புக்குக் கீழே, என் மாமனார் பர்மாவிலிருந்து திரும்பிய பிறகு வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. அவருக்குப் பின் லைசென்ஸ் என் கணவர் பெயருக்கு மாறியது. அவரும் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டாக்கள் சில அலமாரியில் இருக்கின்றன. அன்று மாலை பேத்தி அதன் கீழே நின்று, "ஆயா, இதற்குப் பூட்டு எங்கே?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகளாக அதன் அடியில் நடமாடிய எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. அதைக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, அது குடும்பத்தின் கௌரவம், வீட்டுக்குக் காவல் என்று கொழுந்தனார் வருத்தப்பட்டார். விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: டல்லாஸ்வாசி, சொந்த ஊர் கானாடுகாத்தான்

ஆச்சி, உங்கள் பேத்தி செய்ததில் தவறு எதுவும் இல்லை. பாடத்தை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறாள். அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா அரசுப் பள்ளிகளிலும் இந்தப் பயிற்சி உண்டு. கதவைப் பூட்டு, விளக்கை அணை, வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் சத்தமின்றி உட்கார் என்பார்கள். மழலையர் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. என் மகன் 6 வயதில் ஒருநாள், தன் காலணியின் அடியில் நடக்கும்போது விளக்கு மின்னுவதால் அதை மாற்றித் தர வேண்டும் என்று கேட்டான். இருட்டில் ஒளிந்திருக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடுமாம். நாங்கள்தான் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த காலணி.

ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பயிற்சிகள் நடந்த 114 பள்ளிகளைச் சேர்ந்தவர்களின் சமூக ஊடகப் பதிவுகளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன அழுத்தமும் பதற்றமும் காட்டும் பதிவுகள் 42 விழுக்காடும், மனச்சோர்வைக் காட்டுபவை 39 விழுக்காடும் கூடியிருந்தன. சுட்டவர் யாரும் இல்லை, சுடப்பட்டவரும் இல்லை. இது வெறும் பயிற்சிக்குப் பின் வந்த கணக்கு.

ஆனால் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. டெக்ஸஸில் வாழும் எவருக்கும் இருக்காது. 2022 மே 24 அன்று யுவால்டே நகரின் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். ஆனாலும் வகுப்பறைக்குள் நுழைந்து சுட்டவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. அந்த நேரம் முழுவதும் பெற்றோர்கள் வெளியே நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு மே 6 அன்று, நம் மக்கள் அதிகம் வசிக்கும் ஆலன் நகரின் கடை வளாகத்தில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த இளம் பெண் பொறியாளர். தீபாவளிக்குத் துணி எடுக்க நாங்கள் போகும் இடம் அது. அதன் பிறகு என் மனைவி எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பின்வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் பொருளைப் பார்க்கிறாள். இதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை, பழக்கமாகிவிட்டது. 2023இல் கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தன் குடும்பத்தில் ஒருவரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்ததாக ஏறத்தாழ ஐந்தில் ஓர் அமெரிக்கர் சொன்னார். அலுவலகத்தில் என் வரிசையில் பத்துப் பேர் உட்காருகிறோம். அந்தக் கணக்கைப் படித்த நாளிலிருந்து, அவர்களில் எந்த இருவர் என்ற எண்ணம் வராமல் நான் அந்த வரிசையைக் கடந்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் "இங்கே அதெல்லாம் இல்லை, பயப்படாதே" என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். வேட்டு போடும் முன்பே சொல்லி, கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், போடுபவரையும் திரியையும் காட்டுங்கள்.

மறுமொழி: கண்டனூர்க்காரன்

உங்கள் பேத்தியின் நிலை கேட்டு மனம் கனத்தது. ஆயினும் அமெரிக்கக் கதையையும் நம் ஊர்த் துப்பாக்கியையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2017ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் 100 பேருக்குப் பொதுமக்கள் கையில் 120 துப்பாக்கிகள். இந்தியாவில் 5 மட்டுமே. நம் நிலைமை வேறு. செட்டிநாட்டில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இத்தனை பெரிய வீட்டில் வயதான ஆச்சி ஒருவரும் காவலுக்கு ஒருவரும் மட்டும் இருக்கிறார்கள். தேக்கு உத்தரத்தையும் பர்மாக் கதவையும் பெயர்த்துக்கொண்டு போகிற காலம் இது. முகப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தாலே ஒரு தயக்கம் வரும் அல்லவா? உங்கள் கொழுந்தனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மறுமொழி: செக்காலை மருத்துவர்

நான் காரைக்குடியில் நெடுநாள் மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். கண்டனூர் அன்பர் எழுப்பியது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. நானும் பூட்டிய வீடுகளுக்கு நடுவில்தான் வசிக்கிறேன். ஆனால் அவர் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுத் துப்பாக்கி வாசலைப் பார்த்துத் தொங்கினாலும், அது பெரும்பாலும் சுடுவது உள்ளே இருப்பவர்களைத்தான்.

அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பள்ளியிலும் கடைவீதியிலும் நடக்கும் கூட்டுக் கொலைகள்தாம் செய்தியில் வருகின்றன. ஆனால் இந்த எண்ணிக்கையில் பாதிக்கும் மேல், அதாவது 26,328 பேர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கொலைகள் சுமார் 21,000. 2020 முதல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்தன்று, நோயன்று, துப்பாக்கி. 2024 ஜூன் மாதம் அந்நாட்டு அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) அப்போது இருந்த விவேக் மூர்த்தி இதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தபோது, குற்றவியலிலிருந்து இந்தப் பேச்சை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது எனக்குச் சரியென்றே பட்டது.

இதை நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் இரவு நேரங்களில் மாட்டுவண்டியிலும் பின்னர் ஆட்டோவிலும் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களில் பூச்சிமருந்து குடித்தவர்கள் எத்தனையோ பேர். காப்பாற்றி உட்கார வைத்துப் பேசினால், பத்துப் பேரில் எட்டுப் பேர் அன்று மாலை வரை அப்படி ஓர் எண்ணமே இல்லாதவர்களாக இருந்திருப்பார்கள். ஒரு சண்டை, ஒரு வட்டிக்காரன் வாசலில் நின்றது, பரீட்சை முடிவு என்று ஏதோ ஒன்று நடந்திருக்கும். கைக்கெட்டும் இடத்தில் மருந்து இருந்திருக்கும். கைக்கு எட்டியதுதான் விதியைத் தீர்மானித்தது. பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் பத்தில் ஒன்பது பேர் பிறகு அந்த வழியில் இறக்கவில்லை என்று காட்டுகின்றன. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். மக்களின் துயரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆனால் தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு இறங்கிவிட்டது. இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதியை மாற்றியது. அவர்களிடையே தற்கொலைகள் 40 விழுக்காடு குறைந்தன. பூச்சிமருந்து குடித்தவரைப் பெரும்பாலும் எங்களால் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாமும்.

எனவே ஆச்சி, உங்கள் வீட்டைப் பற்றி நான் கேட்கும் கேள்வி திருடனைப் பற்றியதன்று. இந்த நாற்பது ஆண்டுகளில் உங்கள் வளவுக்குள் கடனில் தவித்தவர், காதலில் தோற்றவர், குடித்துவிட்டு வந்தவர், முதுமையில் தனிமையைத் தாங்க முடியாதவர் என்று ஒருவரும் இருந்ததில்லையா? எந்த வீட்டிலும் இருப்பார்கள். அத்தனை இரவுகளிலும் அது அந்த ஆணிகளிலேயே தொங்கியிருக்கிறது. தோட்டாவும் அலமாரியில் இருந்திருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்பது குடும்பத்தின் நல்வினை. (இதைப் படிக்கும் எவருக்கேனும் மனம் அந்தப் பக்கம் போகுமானால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் தமிழில் பேசும், தயங்காமல் அழையுங்கள்.)

பேத்தியைப் பற்றி: அவள் மூளை ஓர் ஒலியையும் ஒரு செயலையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. பயிற்சியை மீண்டும் மீண்டும் செய்தால் அப்படித்தான் ஆகும். யோசிக்காமல் உடம்பு ஓட வேண்டும் என்பதற்காகத்தானே பயிற்சியே. இதை நோயாக நினைக்க வேண்டாம். ஆனால் தூக்கம் கெட்டாலோ, பள்ளி போக மறுத்தாலோ, ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டாலோ அங்கே குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: புதுவயல் வாசகர்

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்ட செய்தி வந்தபோது நான் சிறுவன். கழுத்தில் பாய்ந்த குண்டு அவர் உயிரை எடுக்கவில்லை, குரலை எடுத்தது. தமிழ்நாடே அறிந்த அந்த வெண்கலக் குரல் அதன் பிறகு திரும்பி வரவேயில்லை. என் ஆத்தா கடைசி வரை அவர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், "பாவம், வலிக்கும்போல இருக்கிறதே" என்றுதான் சொல்வாள். பிழைத்தவர்களை நாம் கணக்கில் எழுதுவதில்லை. உயிர் போகவில்லை என்ற நிம்மதியில் போனவை எல்லாம் மறந்துபோகின்றன.

நமக்கு அந்நியமான விஷயம் என்று கண்டனூர் அன்பர் சொல்வதையும் ஏற்க முடியவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று, நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை அருகே, துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்து வந்த குண்டு தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டது. நான்கு நாள் போராடி ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அவனைக் குறிபார்த்துச் சுட்டவர் எவரும் இல்லை. அந்தக் கிராமத்துத் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடும்போது என்ன நினைப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி: தேவகோட்டை வழக்கறிஞர்

ஆச்சி கேட்ட இரண்டாவது கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதில் காலதாமதம் வேண்டாம்.

துப்பாக்கி லைசென்ஸ் ஆளுக்குக் கொடுக்கப்படுவது, வீட்டுக்கு அன்று. உரிமம் பெற்றவர் காலமானதும் அந்த உரிமம் அவரோடு முடிந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உரிமமின்றி ஆயுதத்தை வைத்திருக்க நேர்ந்தவர் அதைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்தாக வேண்டும். நான்கு ஆண்டுகளாக அது சுவரில் தொங்குவது, உங்களுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும் ஒரு மீறல். குடும்ப கௌரவம் என்று கொழுந்தனார் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இப்போதுள்ள நிலையில் அந்தக் கௌரவம் ஒரு வழக்காக மாறக்கூடும் என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அதை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று அவர் விரும்பினால் அதற்கும் வழி உண்டு. சட்டபூர்வ வாரிசு என்ற முறையில் உங்கள் மகனோ மகளோ, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணை நடக்கும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமக் காலம் 5 ஆண்டுகள். அதே திருத்தம், விழாக்களில் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றமாக்கியிருக்கிறது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத அளவுக்குக் கெட்டுப்போன பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் தோட்டாவோடு இருக்கும் உங்கள் துப்பாக்கி அதில் வராது என்றே நினைக்கிறேன்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். காவலுக்கு என்று வைத்திருக்கும் துப்பாக்கியைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போனால், திருட வருபவனுக்கு அதுவும் ஒரு பொருள்தான். தேக்குத் தூணை எடுத்தவன் கையில் தூண் இருக்கும். இதை எடுத்தவன் கையில் என்ன இருக்கும்?

யாரும் அதைக் காரில் வைத்துத் தாமாக எடுத்துச் செல்ல வேண்டாம். முதலில் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம், துப்பாக்கியில் பொறித்துள்ள எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைத்து, எண் குறிப்பிட்ட ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதுவரை துப்பாக்கி ஓர் அறையிலும் தோட்டா வேறோர் அறையிலும் பூட்டில் இருக்கட்டும். இரண்டு சாவிகளும் ஒருவரிடம் இருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: பள்ளத்தூர் ஆயா

எல்லோருக்கும் என் நன்றி. மருத்துவர் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலும் இருந்தார். வியாபாரம் நொடித்து, முகப்புத் திண்ணையில் இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்த மாதங்கள் அவருக்கு இருந்தன. அவருக்குப் பின்னால் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவர் நல்லபடியாக மீண்டார். யார் என்று எழுத விருப்பமில்லை. இந்த மறுமொழிகளைக் கொழுந்தனாரிடம் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாதம் எதுவும் செய்யவில்லை. மாமனாரின் பெயர் பொறித்த தோல் உறையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நாற்காலி போட்டு அதை இறக்கினோம். ஏழு தோட்டாக்கள் இருந்தன. வழக்கறிஞர் சொன்னபடி தனித்தனியாகப் பூட்டி, ஒரு சாவி என்னிடமும் ஒரு சாவி அவரிடமும் இருக்கின்றன. கடிதத்தை இரண்டு படிகளாக எழுதியாயிற்று. திங்கட்கிழமை காவல் நிலையத்துக்குக் கொடுக்கிறோம்.

பேத்தியிடம் தொலைபேசியில் சொன்னபோது, ரசீது வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அடுத்த ஆண்டு கோயில் திருவிழாவுக்கு வரும்போது வேட்டுக்காரர் வந்ததுமே தனக்குச் சொல்ல வேண்டும் என்றும், தம்பியின் கையைத் தான்தான் பிடித்துக்கொள்வேன் என்றும் சொன்னாள். திரி பற்றவைக்கும் முன் என்னை வந்து கூப்பிடும்படி வேட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.